நான்கு தொழிற்பாடங்களும் நம் பட்டமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

முன்னுரை

கல்வியைப் பற்றிப் பேசும்போது அதை இரண்டு கூறாக்கிப் பேசுவது நம்மவர் வழக்கம். ஒன்று கல்லூரிப் படிப்பு, மற்றொன்று தொழிற்படிப்பு. முன்னதை முடித்தவர் 'பட்டதாரி' எனப்படுகிறார். பின்னதை முடித்தவரை 'ஏதோ கோர்ஸ் படித்திருக்கிறார்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் பணவசதி இல்லாதவர்களுக்குமே தொழிற்கல்வி என்ற எண்ணம் ஊரெங்கும் வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் சரியானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே பட்டத்தின் அருமை எனக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேச நான் முன்வரவில்லை. ஆயினும், உலகின் பல நாடுகளில் தொழில்நுட்பக் கல்லூரிகள் நடத்தும் பாடங்களின் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்று வியப்பளிக்கிறது. எழுத்து, நிதி, தீயணைப்பு, மேலாண்மை என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை போன்ற பாடங்கள் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தது எது? 'உனக்கு என்ன தெரியும்?' என்று இவை கேட்பதில்லை. 'உன்னால் என்ன செய்ய முடியும்? செய்து காட்டு' என்று கேட்கின்றன. அந்த ஒரு கேள்விதான் இந்நான்கையும் இணைக்கும் நூல்.

தொழிற்கல்வி பிறந்த கதை

1800-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பிர்க்பெக் என்னும் இளம் பேராசிரியர், கைவினைஞர்களுக்கென இலவச அறிவியல் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். தம் வகுப்புக்கான கருவிகளைச் செய்து கொடுத்த தொழிலாளர்கள், அக்கருவி எப்படி இயங்குகிறது என்று அறிய ஆவல் கொண்டதைக் கண்டதே அதற்குக் காரணம். கருவியைச் செய்பவனுக்கு அதன் தத்துவம் தெரிய வேண்டாமா என்று அவர் எண்ணினார். 1823-இல் லண்டனிலும் தொழிலாளர் கல்விக் கழகம் ஒன்று அவர் முயற்சியால் எழுந்தது. 1830-இல் அது பெண்களுக்கும் கதவைத் திறந்தது. இன்று அவர் பெயரையே தாங்கி, மாலை நேர வகுப்புகளுக்குப் புகழ்பெற்ற கல்லூரியாக அது விளங்குகிறது.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1794-இல் நில அளவையாளர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் தொடங்கிய சிறு பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. இன்று பெருமையோடு நாம் உச்சரிக்கும் பொறியியற் கல்வி, நிலத்தை அளக்கும் ஒரு வேலைக்கான பயிற்சியாகவே பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இனி, நான்கு பாடங்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. எழுத்து

தொழிற்கல்லூரியில் கற்பிக்கப்படும் எழுத்து கதையோ கவிதையோ அன்று. கடிதம், அறிக்கை, செயல்முறைக் குறிப்பு, எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றை எழுதும் கலை அது. இங்கே அழகைவிடத் தெளிவுக்கே மதிப்பெண்.

இப்பாடத்தில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு மாணவர் ஒரு செயலைச் செய்யும் முறையைப் படிப்படியாக எழுத வேண்டும். மற்றொரு மாணவர், தாளில் உள்ளதை மட்டும், உள்ளபடியே செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 'பன்சன் அடுப்பைப் பற்ற வைக்கவும்' என்று மட்டும் எழுதினால், காற்றுத் துளையை முதலில் மூட வேண்டுமா, தீக்குச்சியை முதலில் கொளுத்த வேண்டுமா, வாயுவை முதலில் திறக்க வேண்டுமா என்று அடுத்தவர் திகைத்து நிற்பார். நமக்குத் தெரிந்ததெல்லாம் பிறருக்கும் தெரியும் என்று எண்ணி எழுதுவதே எழுத்தின் முதற் குறை. அதை இப்பயிற்சி ஐந்தே நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

தெளிவான எழுத்து உரியவர் கையில் சேராவிட்டால் என்ன நேரும்? 1977 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து அணுமின் நிலையம் ஒன்றில் ஓர் அடைப்பிதழ் திறந்தபடியே நின்றுவிட்டது. கருவிகள் காட்டிய அளவைத் தவறாகப் புரிந்துகொண்ட பணியாளர்கள், உலையைக் குளிர்விக்கும் அவசர நீரை நிறுத்திவிட்டார்கள். நல்வேளையாகப் பெருந்தீங்கு நேரவில்லை. இதை ஆராய்ந்த பொறியாளர்கள், 'இவ்வாறு நீரை நிறுத்தக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் அறிவுறுத்த வேண்டும்' என்று தம் நிறுவனத்துக்குள்ளேயே குறிப்பு எழுதினார்கள். அக்குறிப்பு மேசைக்கு மேசை நகர்ந்ததேயன்றி, நிலையங்களில் பணியாற்றியவர்களுக்கு அறிவுரையாகப் போய்ச் சேரவில்லை. 1979 மார்ச் 28-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் மூன்று மைல் தீவு நிலையத்தில் அதே வகைப் பழுது நேர்ந்தது. அதே வகையில் நீரும் குறைக்கப்பட்டது. உலையின் உட்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. யாருக்கு எழுதுகிறோம், அவர் என்ன செய்ய வேண்டும், அது அவர் கையில் சேர்ந்ததா என்னும் மூன்று கேள்விகள் தொழில் எழுத்தின் உயிர்நாடி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நம் மாநிலத்தில் இவ்வகைக் கல்வியின் மிகப் பழகிய வடிவம், தெருமுனைத் தட்டச்சுப் பயிலகம். ஆங்கிலத் தட்டச்சில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்பது அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் அளவு. வேகத்தோடு முடியவில்லை, கடிதத்தை உரிய வடிவில் அமைப்பதும், பட்டியலைக் கட்டங்களில் ஒழுங்காக நிரப்புவதும் அத்தேர்வில் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற இரா. முத்தையா 1930-களில் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வடிவமைத்தார். அதன் பின்னரே நம் மொழியும் அலுவலக மேசையில் தடதடவென ஒலித்தது. அந்தப் பயிலகங்களின் மரப்பெஞ்சில் அமர்ந்து பழகி அரசு வேலைக்குச் சென்றவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்!

2. நிதி

நிதி என்றவுடன் பெரிய வங்கிகளும் பங்குச் சந்தையும் நினைவுக்கு வரும். ஆனால் இப்பாடத்தின் அடித்தளம் இரண்டே கணக்குகள்தாம். ஒன்று பேரேடு, மற்றொன்று வட்டி.

பேரேட்டின் இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் லூக்கா பசோலி விளக்கினார். அவர் அதைக் கண்டுபிடித்தவரல்லர். வெனிஸ் வணிகர் கையாண்ட முறையை எழுத்தில் வடித்தவர். எந்த வரவுக்கும் ஈடான பற்று ஒன்று உண்டு என்பதே அதன் சாரம். வேதியியற் சமன்பாட்டில் இடப்பக்க அணுக்களும் வலப்பக்க அணுக்களும் சமமாக இருக்க வேண்டும் என்று நாம் படிக்கிறோமே, அதைப் போன்றதுதான். இரு பக்கமும் ஒத்து வராவிட்டால் எங்கோ பிழை உண்டு என்று தெரிந்துவிடும். எனினும் ஒத்து வந்துவிட்டால் பிழையே இல்லை என்றும் கொள்ளக் கூடாது. ஒரு செலவை அடியோடு எழுதாமல் விட்டால் இரு பக்கமும் சமமாகவே நிற்கும்! ஆகவேதான் தணிக்கை என்னும் தனிப்பாடம் எழுந்தது.

வட்டிக் கணக்குக்கு எங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். என் தந்தை தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். முதலுக்காக அவ்வப்போது தண்டல் வாங்குவார். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு கையில் தருவது 9,000 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'பத்துக்கு ஒன்று போகிறது; நூற்றுக்குப் பத்து வட்டிதானே' என்பது அப்பாவின் கணக்கு. சந்தையில் எல்லோருடைய கணக்கும் அதுவே.

என் அக்காள் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி, பயிலகத்தில் தட்டச்சும் கணக்குப் பதிவியலும் கற்று, இப்போது ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறாள். ஒருநாள் இரவு அவள் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. முதல் நாள் அப்பாவின் கையில் இருக்கும் கடன் 9,000 ரூபாய். ஐம்பதாம் நாளில் அதில் ஏறத்தாழப் பாதி. நூறாம் நாளில் ஒன்றுமில்லை. ஆகவே நூறு நாளும் சராசரியாக அவர் அனுபவித்த கடன் 4,500 ரூபாய்தான். 4,500 ரூபாய்க்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு 22 ரூபாய்க்கும் மேல். அதையே 365 நாளுக்குப் பெருக்கினால் ஆண்டுக்கு நூற்றுக்கு 81 ரூபாய்!

அப்பா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'இத்தனை வருஷமா யாரும் சொல்லலியேம்மா' என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை, அம்மா உறுப்பினராக இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் கேட்டார்கள். அங்கே மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். அதுவும் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய அக்குழுக்களின் பயனை நான் புத்தகத்தில் படித்ததைவிட அன்று நன்றாக உணர்ந்தேன்.

கடுவட்டியைத் தடுக்க 2003-இல் நம் மாநிலம் தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது. ஆனால் வட்டி எவ்வளவு என்றே தெரியாதவன் சட்டத்தின் வாயிலை எப்படித் தட்டுவான்? சட்டத்துக்கு முன்னால் கணக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைக் கொண்டுவந்தது பட்டப்படிப்பு அன்று; மாலை நேரப் பயிலகம்.

3. தீயணைப்பு

நான்கு பாடங்களில் வேதியியல் மாணவனாகிய என் மனத்தை மிகவும் கவர்ந்தது இதுதான். தீயணைப்பு என்பது உடல் வலிமையும் துணிச்சலும் மட்டும் வேண்டிய வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது எரிதல் பற்றிய வேதியியலின் நேர்ப் பயன்பாடு.

தீ எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். இதனைத் தீ முக்கோணம் என்பர். இவற்றோடு சங்கிலி வினையையும் நான்காவதாகச் சேர்ப்பதுண்டு. இவற்றில் ஒன்றை நீக்கினால் தீ அணையும். எரிபொருளை நீக்குவது பட்டினி போடுதல். காற்றைத் தடுப்பது மூச்சடைத்தல். வெப்பத்தை நீக்குவது குளிர்வித்தல்.

தண்ணீர் ஏன் தீயை அணைக்கிறது? 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரிக்குக் கொதிநிலைப்படுத்த 70 கிலோகலோரி வெப்பம் போதும். ஆனால் அதையே நீராவியாக்க மேலும் 540 கிலோகலோரி வேண்டும். அதாவது, தண்ணீர் தீயை அணைப்பது நனைப்பதால் மட்டுமன்று, ஆவியாவதால்தான். அதனால்தான் சில வேளைகளில் பீய்ச்சி அடிப்பதைவிடத் துளித்துளியாகத் தூவுவதே நன்மை தருகிறது. துளி சிறிதானால் மேற்பரப்பு பெருகும், விரைந்து ஆவியாகும்.

அதே தண்ணீர் எரியும் எண்ணெய்யில் பட்டால் பகையாகிறது. எண்ணெய்யைவிட அடர்த்தி மிகுந்த நீர் அடியிற் சென்று, நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெய்யை நாற்புறமும் வீசி எறிகிறது. வாணலியில் தீப்பிடித்தால் அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடுவதே முறை.

எனவேதான் தீயை வகைப்படுத்துகிறார்கள். மரம், துணி, தாள் ஆகியவை முதல் வகை, இவற்றுக்குத் தண்ணீர். பெட்ரோல், எண்ணெய் போன்ற திரவங்கள் இரண்டாம் வகை. இவற்றுக்கு நுரை அல்லது உலர்தூள். வாயுக்கள் மூன்றாம் வகை; முதலில் வால்வை மூட வேண்டும். சோடியம், மக்னீசியம் போன்ற உலோகங்கள் நான்காம் வகை. எரியும் மக்னீசியத்தின்மேல் கார்பன் டைஆக்சைடைச் செலுத்தினால், அது அவ்வாயுவிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு மேலும் எரிந்து, கரியை மிச்சம் வைக்கும்! இங்கே உலர்ந்த மணலோ, அதற்கெனவுள்ள சிறப்புத் தூளோதான் கைகொடுக்கும். மின்சாரம் ஓடும் கருவி எரிந்தால் முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், தண்ணீர் ஆகாது.

வீட்டுச் சமையல் வாயுவுக்கும் நம் பாடம் பயன்படும். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, புரோப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. ஆகவே கசியும் வாயு மேலே போகாது, தரையோடு தவழும். வாடை வந்தால் கதவு சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூட வேண்டும். மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிறு பொறி போதும். வாயுக் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101 என்னும் எண்களை அடுப்பங்கரைச் சுவரில் எழுதி வைப்பது நன்று. தீவிபத்தில் சுடரைவிடப் புகையே பலர் உயிரைக் குடிக்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேரும். புகை மேலெழுவதால் குனிந்து, தவழ்ந்து வெளியேற வேண்டும்.

இதையெல்லாம் ஒரு கல்வியாக அமைத்தவர்களில் முன்னோடி ஜேம்ஸ் பிரெய்ட்வுட். 1824-இல் எடின்பரோ நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைமையேற்ற அவர் கட்டடத் தொழிலாளர், தச்சர், கூரை வேய்பவர், குழாய்த் தொழிலாளர் ஆகியோரையே வீரர்களாகத் தேர்ந்தெடுத்தார். கட்டடத்தைக் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் அது எரியும்போது எந்தப் பக்கம் சரியும் என்று தெரியும் என்பது அவர் எண்ணம். பின்னர் லண்டன் படைக்குத் தலைமை தாங்கிய அவர், 1861-இல் தேம்ஸ் நதிக்கரைக் கிடங்குத் தீயில் சுவர் சரிந்து உயிர் துறந்தார்.

நம் நாட்டில் 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிபொருளும் ஏற்றி நின்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1956-இல் தொடங்கி, பின் நாகபுரியில் நிலைபெற்ற தேசியத் தீயணைப்புக் கல்லூரி அதிகாரிகளைப் பயிற்றுவிக்கிறது. அங்கே முதன்முதலாகப் பயின்று தேறிய பெண் ஹர்ஷினி கன்ஹேகர். நம் மாநிலத்திலும் 2012 ஜனவரியில் சென்னை எழிலகத் தீவிபத்தில் பணியின்போது தீக்காயமுற்ற அதிகாரி பிரியா ரவிச்சந்திரனை நாம் மறக்க இயலாது.

2004 ஜூலை 16-ஐயும் மறக்க இயலாது. கும்பகோணத்தில் பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டு சென்றது. கீற்றுக்கூரை, குறுகிய வழி, ஒரே இடத்தில் நெருக்கமாய்க் குழந்தைகள். இவற்றின் ஆபத்தை அறிய உயர்ந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. தீயணைப்புப் பாடத்தின் முதல் வாரத்து வகுப்பே போதும். அந்த ஒரு வார அறிவு உரிய நேரத்தில் உரிய இடத்தில் இல்லாமற் போனதன் விலையைச் சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை.

4. மேலாண்மை

மேலாண்மையைப் பாடமாகக் கற்பிக்க முடியும் என்று வலியுறுத்தியவர் பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்று அதன் கூறுகளை 1916-இல் வகுத்தார். பொறியியற் பள்ளிகள் கணிதத்தையே கற்பித்து இதைக் கைவிட்டுவிட்டன என்பது அவர் குறை. அமெரிக்காவின் ஃபிரடெரிக் டெய்லரோ, ஒரு தொழிலாளி நாள் முழுதும் களைப்பின்றி அள்ள ஏற்ற மண்வாரிச் சுமை ஏறத்தாழ 21 பவுண்டு என்று அளந்து கண்டவர். உழைப்பை அளந்தாரேயன்றி உழைப்பவன் மனத்தை அளக்கவில்லை என்ற குறை அவர் மேல் உண்டு.

நம் மதுரையில் மனத்தையும் அளந்த ஒரு சான்று இருக்கிறது. 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போது மறு மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தம். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. கட்டணம் செலுத்துவோர் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. இவ்வமைப்பைத் தாங்கி நிற்போர், பள்ளிப் படிப்பை முடித்த பின் இரண்டாண்டுப் பயிற்சி பெறும் கிராமத்துப் பெண்கள். தொழிற்கல்வியும் மேலாண்மையும் கைகோத்தால் கண்ணொளி பிறக்கும் என்பதற்கு இது சாட்சி.

நாம் செய்யக்கூடியவை

மாணவ நண்பர்களே! 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. ஏட்டைக் கிழித்தெறிய வேண்டும் என்பது அதன் பொருளன்று. ஏட்டோடு கொடியும் நட வேண்டும் என்பதே. நான் மேலே எழுதிய ஆவியாதல் வெப்பமும் மூலக்கூறு எடையும் நம் பாடநூலில் உள்ளவையே. அவை தேர்வு எழுதும் அறையைத் தாண்டி அடுப்பங்கரை வரை வர வேண்டும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள் கொண்டுவர முயல்வதே. அதற்குத் துணையாக, பெரிய செலவில்லாத நான்கு யோசனைகளைப் பேராசிரியப் பெருமக்கள் முன் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று, ஏப்ரல் மாதத் தீத்தொண்டு வாரத்தில், தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, ஆய்வுக்கூடம் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தீயணைப்பானை ஒரு முறையேனும் ஊசியைப் பிடுங்கி, தீயின் அடியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இருபுறமும் வீசிப் பழகச் செய்யலாம். சுவரில் தொங்குவது சிவப்பு அலங்காரம் அன்று.

இரண்டு, ஆய்வுப் பதிவேட்டில் ஆண்டுக்கு ஒரு சோதனையையாவது, பத்தாம் வகுப்பு மாணவன் படித்துத் தானே செய்யும் அளவுக்குத் தமிழில் எழுதச் சொல்லலாம்.

மூன்று, கல்விக் கடன் வாங்கியவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும் வட்டிக் கணக்கு வகுப்பு ஒன்றை வணிகவியல் துறையினர் நடத்தலாம்.

நான்கு, துறை மன்றங்களின் வரவு செலவை மாணவர்களே எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். மேலாண்மைக்கு அதைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை.

முடிவுரை

சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்லவும், கையிலுள்ளதைச் சரியாக எண்ணவும், ஆபத்தில் அடுத்தவரைக் காக்கவும், பலரைச் சேர்த்து ஒரு வேலையை முடிக்கவும் கற்றுத் தருவன இந்நான்கு பாடங்கள். இவற்றைக் கற்றவரைப் 'படிக்காதவர்' என்று சொல்லும் உரிமை எந்தப் பட்டத்துக்கும் இல்லை. என் பெயருக்குப் பின்னால் அடுத்த ஆண்டு மூன்று எழுத்துகள் சேரும். எங்கள் தெருவில் எல்லோரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் ஒரு தண்டல் கணக்கைப் போட்டுக் காட்டவும், வாயு கசியும் வீட்டில் முதலில் எதைத் தொடக் கூடாது என்று சொல்லவும் எனக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த எழுத்துகளுக்குப் பொருள் உண்டு.

வாழ்க கல்வி! வளர்க தொழில்!